மீன் ஆய்தல்



'கழுவுகிற மீனிலே நழுவுகிற மீன்' என்று ஒருவரைக் குறித்துப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். எந்தப் பேச்சுக்கும் பிடி கொடுக்காத மனிதருக்கு அந்தப் பழமொழி. ஆனால் அதை முதன்முதலில் சொன்னவர் மனிதர்களை ஆராய்ந்து சொல்லியிருக்க மாட்டார் என்பது நமது எண்ணம். ஏரிக்கரையிலோ கிணற்றடியிலோ குந்தியிருந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு தாய்தான், கையிலிருந்த கெளுத்தி மூன்றாம் முறையாக நழுவிச் சேற்றில் விழுந்தபோது அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வழுக்கலுக்கு வழும்பு என்று பெயர். மீன் நீரில் உயிரோடு இருக்கும்வரை வழும்பு அதற்குக் கவசம். நீரிலுள்ள கிருமிகள் உடலில் ஒட்டாதபடி அது காக்கிறது. தடையின்றி வழுக்கி நீந்தவும் உதவுகிறது. மீன் இறந்துவிட்டாலோ, அதே வழும்பு கிருமிகளுக்கு விருந்தாகிவிடுகிறது. நம் வீடுகளில் மீன் ஆய்கிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்தக் கிருமிகளோடு ஓட்டப்பந்தயம் நடத்துகிறார்கள். அந்தப் பந்தயத்தில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்யலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

தோட்டத்து வீட்டுக்கு மீன் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, பெரு மழைக்குப் பின் செம்பனைக் கான்களிலும் ஆற்று ஓரத்திலும் நம் பிள்ளைகளும் பெரியவர்களும் தூண்டில் போட்டுப் பிடிப்பது: கெளுத்தி, விரால், பனையேறிக் கெண்டை, திலாப்பியா ஆகியவை. மற்றொன்று, மீன்காரர் மோட்டார் சைக்கிளிலோ வேனிலோ கொண்டுவரும் கடல் மீன். இவ்விரண்டுக்கும் ஆயும் முறை ஒன்றல்ல. முதலில் கான் மீனைப் பார்ப்போம்.

கெளுத்தியை மலாய் மொழியில் கெலி என்பார்கள். அதற்குச் செதில் கிடையாது. உடம்பு முழுவதும் வழும்புதான். அதை வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் வழுக்கல் போகாது. நம் தோட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். அவர் கெளுத்தியை ஆயும் விதத்தை ஒருநாள் அருகில் அமர்ந்து பார்த்தோம். முதலில் விறகடுப்பில் ஆறிக் கிடந்த சாம்பலைச் சலித்து, மரக்கட்டைக் கரியையும் ஆணியையும் நீக்கிவிட்டு, இரண்டு கைப்பிடி ஒரு பழைய தாம்பாளத்தில் பரப்பிக்கொண்டார். தம் உள்ளங்கைகளிலும் சாம்பலைப் பூசிக்கொண்டார். பிறகு வாளியிலிருந்த மீனின் தலையை அழுத்திப் பிடித்து, பாராங் கத்தியின் முதுகால் உச்சியில் ஓர் அடி. உயிரோடு இருக்கும் மீனைச் சாம்பலிலோ உப்பிலோ போட்டுத் துடிக்க விடுவோரும் உண்டு. பாட்டி அதைப் பாவம் என்பார். நமக்கும் அதுவே சரியென்று தோன்றுகிறது.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். வேறெதையும் தொடுமுன், தலைக்குப் பின்னே இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை வெட்டி, ஒரு தகர டப்பாவில் போட்டார். "முள்ளு போனாத்தான் தம்பி அது மீனு. முள்ளோட இருந்தா அது தேளு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு. கடல் கெளுத்தியாகிய செம்பிலாங்குக்கு முதுகுத் துடுப்பிலும் விஷ முள் உண்டு. அதன் விஷம் இன்னும் கடுமையானது. நமது பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், கானில் பிடித்த கெளுத்தியைக் காற்சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்து, உள்ளே கையை விட்டுக் குத்து வாங்கினான். அவன் அழுத அழுகையில் ஐந்து வகுப்புகளும் கூடிவிட்டன. மஞ்சள் வை, சுண்ணாம்பு தடவு, தலைமுடியால் கட்டு என்று ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. பயிற்சிக் கல்லூரியில் படித்த முதலுதவிப் பாடம் அன்று நமக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. குத்திய இடத்தைச் சுத்தமான நீரில் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். சூட்டில் இவ்விஷத்தின் வீரியம் குறைந்து வலி அடங்கும். வலியால் மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது. ஆகையால் வெந்நீரை மற்றக் கையால் சோதித்த பிறகே குத்துப்பட்ட கையை உள்ளே விட வேண்டும். அதன்பின் கிளினிக்குக்குக் கட்டாயம் போக வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், தசைவாத ஊசியும் தேவைப்படலாம்.

பாட்டியிடம் திரும்புவோம். முள் போனதும் மீனைச் சாம்பலில் புரட்டி, தலையிலிருந்து வால் வரை உருவி உருவித் தேய்த்தார். வழும்பு சாம்பலோடு சேர்ந்து சாம்பல் நிறத் திரியாய்த் திரண்டு உதிர்ந்தது. தோல் சொரசொரப்பாகிக் கையில் நின்றது. பிறகு கல்லில் இரண்டு இழுப்பு, தண்ணீரில் ஓர் அலசு. இந்தக் காரியம் முழுவதும் மீனின் வயிற்றைக் கிழிக்கும் முன்னரே முடிந்துவிட்டது. இதைக் கவனியுங்கள். வெட்டிய சதையில் சாம்பல் பட்டால் காரச் சுவையும் மண்ணும் உள்ளே ஏறிவிடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் போகாது. தோலுக்குத்தான் சாம்பல், சதைக்கு அன்று.

சாம்பல் என்ன செய்கிறது? அது காய்ந்த தூள், ஆகவே ஈரத்தை உறிஞ்சுகிறது. பரபரவென்று இருப்பதால் பிடி கொடுக்கிறது. மேலும் மரச் சாம்பல் காரத்தன்மை உடையது. அதனால் வழும்பு இளகிப் பிரிகிறது. இதை நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்ட, வாசலில் பூக்கும் செம்பருத்தி, அதாவது நம் நாட்டு மலரான பூங்கா ராயா, ஒன்றே போதும். சிவப்புப் பூவின் இதழை வெள்ளைத் தாளில் தேய்த்து, ஒரு பக்கம் சாம்பல் கரைத்த தெளிநீரையும் மறு பக்கம் புளிக் கரைசலையும் தொட்டு வைத்தால், சாம்பல் பட்ட இடம் பச்சையாகும், புளி பட்ட இடம் சிவக்கும். ஒன்று காரம், மற்றது புளிப்பு.

இதிலிருந்து ஒரு செய்தி புலனாகும். சிலர் சாம்பலையும் புளியையும் ஒன்றாய்க் குழைத்துத் தேய்க்கிறார்கள். அது வீண் வேலை. ஒன்றின் வேலையை மற்றது முறித்துவிடும். முதலில் சாம்பலால் வழும்பை எடுத்து, நன்றாக அலசிய பின், தனியாகப் புளியைப் பயன்படுத்த வேண்டும். கடல் மீனின் கவிச்சி வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது. புளியோ எலுமிச்சையோ பட்டால் அது ஆவியாகி மூக்குக்கு எட்டாதபடி அடங்கிவிடும். கான் மீனின் சேற்று வாடை வேறு வகை. அதுவும் புளிப்பில் குறையும். ஆனால் அதற்குச் சிறந்த வழி, உயிருள்ள கெளுத்தியையும் விராலையும் தெளிந்த தண்ணீரில் சில நாள் விட்டுவைப்பதே. தொட்டியிலே வலை மூடி, தினமும் தண்ணீர் மாற்றி, தீனி போடாமல் வைப்பார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்க்கும் விரால் ஆக்கிக் கொடுப்பதற்காக அப்படி வைத்திருப்பது மலாய்க்காரர் வீடுகளிலும் உண்டு, நம் வீடுகளிலும் உண்டு. ஹாருவான் என்னும் இந்த விரால் புண்ணை ஆற்றும் தன்மை உடையதா என்பதை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ந்தும் இருக்கிறார்கள்.

சாம்பல் எங்கே இருக்கிறது, வீட்டில் எரிவாயு அடுப்பல்லவா என்று இப்போது சிலர் கேட்பீர்கள். சரியான கேள்வி. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்களுக்குச் சாம்பலும் இல்லை, தேய்க்கும் கல்லும் இல்லை. கல்லுப்பு இருக்கிறதே! ஒரு கைப்பிடி கல்லுப்பு வழும்பைத் திரளச் செய்யும். பரபரப்பும் அதற்கு உண்டு. அரிசி மாவும் கோதுமை மாவும் வழும்பை ஒற்றி எடுக்கும். வெந்நீரை மேலே ஊற்றி, வழும்பு வெளுத்ததும் கத்தியால் சுரண்டுவாரும் உண்டு; நீர் கொதித்துவிட்டால் தோல் உரிந்துபோகும் என்பதால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு இம்முறையை நாம் சொல்லமாட்டோம். சாம்பலைத்தான் பயன்படுத்துவோம் என்கிறவர்கள், அது எந்த மரத்தின் சாம்பல் என்று பார்க்க வேண்டும். சாயம் பூசிய பலகை, ஒட்டுப் பலகை, மருந்து ஏற்றிய மரம், நெகிழிப்பை கலந்த குப்பை ஆகியவற்றை எரித்த சாம்பல் மீனின் அருகே வரவே கூடாது.

செதில் உள்ள மீனுக்கு வேறு கருவி. வாலைப் பிடித்துக்கொண்டு வாலிலிருந்து தலை நோக்கிச் சுரண்ட வேண்டும்; கூரையில் ஓடு அடுக்கியதுபோல் செதில் அடுக்கியிருப்பதால், எதிர்த்துச் சுரண்டினால்தான் கிளம்பும். மீனை நனைத்துக்கொண்டால் செதில் பறக்காது. பனையேறிக் கெண்டையின் செவுள் மூடியில் இரம்பம் போன்ற பற்கள் உண்டு; அதைக் கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள். கத்தியைச் சிறுவர் கையில் கொடுக்க அஞ்சுகிறவர்கள், சோடா போத்தல் மூடிகள் நான்கைந்தை ஒரு முழக் குச்சியின் முனையில் கவிழ்த்து ஆணி அடித்துக்கொள்ளலாம். அதன் விளிம்பே நல்ல சுரண்டி. செலார் மீனின் வாலோரம் இரு பக்கமும் கெட்டியான செதில் வரிசை ஒன்று இருக்கும். அதைச் சுரண்ட முடியாது, கத்தியால் சீவி எடுக்க வேண்டும்.

வயிற்றைக் கிழிக்கும்போது கத்தியின் நுனி மட்டும் உள்ளே போகட்டும். ஆழப் போனால் பித்தப்பை உடையும். உடைந்துவிட்டால் உடனே நீர் விட்டு அலசி, பச்சை படிந்த சதையை அரிந்து எறிந்துவிடுங்கள். மீனின் பித்தத்தை மருந்தென்று விழுங்குவது ஆபத்து; புல்கெண்டையின் பித்தம் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். குடலை எடுத்தபின் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றின் உட்சுவரில் சில மீன்களுக்குக் கறுப்புச் சவ்வு இருக்கும். நடுமுள்ளின் ஓரமாக உறைந்த இரத்தம் நீளக் கிடக்கும். கட்டைவிரல் நகத்தால் அவ்விரண்டையும் வழித்தெடுத்தால் பாதிக் கவிச்சி அங்கேயே போய்விடும். கடைசியாக ஓர் அலசல். அதன்பிறகுதான் துண்டு போட வேண்டும். துண்டு போட்ட மீனை நான்கு தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிறவர்கள், சுவையைத்தான் கழுவி ஊற்றுகிறார்கள்.

இனி மீன்காரரிடம் வாங்கும் மீனுக்கு வருவோம். இங்கேதான் நாம் ஒரு தவற்றைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமது பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் வாரந்தோறும் வியாழக்கிழமை அவள் வரமாட்டாள். உடம்புக்கு என்ன என்று கேட்டால் தலை குனிந்துகொள்வாள். நாலைந்து வாரம் பார்த்துவிட்டு, ஒரு மாலை வீட்டுக்கே போய் அவள் தாயாரிடம் கடுமையாகப் பேசினோம். அந்தத் தாய் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகிறவர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், வியாழக்கெழம காலையில ஏழு மணிக்கு மீன்காரர் வர்றாரு. நான் வேல முடிஞ்சு வர மணி ரெண்டாகுது. அது வரைக்கும் முழு மீன வச்சா அது எதுக்கு ஆகும்? இருந்து ஆயறதுக்கு இவள விட்டா எனக்கு யாரு?" என்றார்.

நமக்குப் பதில் இல்லை. ஏனென்றால் மீன் விஷயத்தில் அவர் சொன்னது முற்றிலும் சரி. கெம்போங் என்று நாம் வாங்கும் கானாங்கெளுத்தியும், சூரையும், சாளையும் நம் ஊர் வெயிலில் ஏழு மணி நேரம் கிடந்தால், அவற்றின் செவுளிலும் குடலிலும் உள்ள கிருமிகள் பெருகி, சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்கிவிடும். அந்த மீனை உண்டவருக்குச் சிறிது நேரத்திலேயே முகம் சிவக்கும், நாக்கு எரியும், தலை வலிக்கும், உடம்பு தடித்து அரிக்கும், வாந்தியும் எடுக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று மீனின் மேல் பழி போடுவார்கள். அந்தப் பொருள் உண்டான பின் கொதிக்க வைத்தாலும் அழியாது, பொரித்தாலும் அழியாது; புளி, மஞ்சள், சாம்பல் எதுவும் அதை நீக்காது. வாடை அடங்கியதால் மீன் நல்லதாகிவிட்டது என்று எண்ணுவது பெரிய ஏமாற்றம்.

வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பெண் வீட்டிலிருந்து காலை முழுவதும் செய்த வேலையில், ஏழு மணிக்கே செய்தாக வேண்டியது எவ்வளவு? செவுளையும் குடலையும் எடுத்து, ஒரு முறை அலசி, உப்புத் தடவி, குளிர்ச்சியில் வைப்பது. பழகிய கைக்குக் கெம்போங் ஒன்றுக்கு ஒரு நிமிடம் போதும். துடுப்பு வெட்டுவதும், கவிச்சிக்குப் புளி போடுவதும், துண்டு போடுவதும், மஞ்சள் பிசறுவதும் தாய் வேலைவிட்டு வரும்வரை காத்திருக்கும். அவற்றுக்காக ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட வேண்டியதில்லை.

இதை அந்தத் தாயிடம் மறு வாரம் போய்ச் சொன்னோம். இம்முறை குரலைத் தாழ்த்தித்தான். வீட்டில் தாத்தா இருந்தார், கண் சற்று மங்கல். அண்ணன் ஒருவன், இடைநிலைப் பள்ளியில் மத்தியான வகுப்பு. காலையில் வீட்டில்தான் இருக்கிறான். அவன் ஏன் ஆயக்கூடாது என்று கேட்டதற்கு, தாய்க்கு முன்னே தாத்தாதான் சிரித்தார். "நாங்க சின்னப் பிள்ளையில ஆத்துல பிடிச்ச மீன நாங்கதானே ஆய்வோம். இப்பத்தான் அது பொம்பள வேலையாப் போச்சு" என்றார். பையனுக்கு அவரே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்: செவுள் மூடியைத் தூக்கு, இரண்டு விரலால் செவுளை வேரோடு திருகி இழு, குடலும் சேர்ந்து வந்துவிடும், மிச்சத்தைக் கத்தியால் எடு.

குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் ஆய்ந்த மீனை மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு, மேலே ஐஸ் உறையும் தட்டுக்கு அருகில் வைக்கலாம். இல்லாதவர்கள் மீன்காரரிடமே ஐஸ் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் வேண்டும். உருகும் நீர் வடியும்படி பாத்திரத்தில் வழி இருக்கட்டும். ஐஸும் கிடைக்காத நாளில் பழைய தாய்மார்கள் செய்ததைத்தான் செய்ய வேண்டும்: உடனே ஆய்ந்து, உப்பும் புளியும் போட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள், வந்ததும் மறுபடி கொதிக்கவைத்துக் குழம்பு கூட்டுவார்கள். அதுவும் அன்று மத்தியானத்துக்குத்தான், இரவுக்கு வைக்கலாகாது.

ஆய்தலால் நீங்காதவை இன்னும் இரண்டு இருக்கின்றன. முதலாவது புந்தால் என்னும் பேத்தை மீன். தூண்டிலில் சிக்கினால் பந்துபோல் ஊதிக்கொள்ளும். அதன் விஷத்தை எந்தக் கழுவலும் எந்த நெருப்பும் போக்காது. 2023ஆம் ஆண்டு ஜொகூரில் அதை உண்ட முதிய தம்பதியர் இருவரும் இறந்துபோனார்கள். இரண்டாவது, பூச்சிமருந்தும் களைக்கொல்லியும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் வேறு மருந்துகள் அடிக்கப்படுகின்றன. மருந்து அடித்த நிரையை ஒட்டிய கானில் மீன் செத்து மிதந்தாலோ, கரைக்கு வந்து வாயைப் பிளந்தாலோ, சுலபமாகக் கிடைத்ததே என்று அள்ளி வராதீர்கள். மருந்து வந்த டப்பாவைத் தேய்த்துக் கழுவி மீன் வாளியாக்குவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். எத்தனை முறை கழுவினாலும் அந்த டப்பா உணவுக்கு ஆகாது. மருந்துத் தெளிப்பான் கழுவும் இடத்துக்குக் கீழே, அதே கானில், மீனைக் கழுவவும் கூடாது. குழாய் நீர் ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்ந்த கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்துக்குப் பின்னே வீசி எறிந்தால் ஈயும் எலியும் நாயும் கூடும். எலி வந்தால் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் வரும். வெறுங்காலோடு கானில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கு அது பெரும் கேடு. ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டிக் கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ பக்கத்தில் புதைத்து, மண் தள்ளி மிதித்துவிடுங்கள். வெட்டி வைத்த கெளுத்தி முள்ளைத் தகர டப்பாவோடு நசுக்கிப் புதைக்க வேண்டும். அரிவாள்மனையையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வெயிலில் சாய்த்து வைத்த பிறகே வேறு காய்கறி நறுக்கலாம்.

சோடா மூடி அடித்த சுரண்டியைச் சென்ற தவணையில் நமது ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு கைவேலை வகுப்பில் செய்வித்தோம். பையன்களும் பெண்பிள்ளைகளுமாக இருபத்திரண்டு சுரண்டிகள் செய்தார்கள். ஆணியின் முனை மூடிக்கு வெளியே நீட்டாதபடி தட்டி மடக்கச் சொல்லுங்கள். முதலில் செய்த மூன்றில் நாம் அதை மறந்து, நமது கையையே கிழித்துக்கொண்டோம்.